முகநூல் பக்கம் இருக்கும்போது தனியாக இணையத்தளம் எதற்கு?

11 ஜனவரி 2025, ஹப்புத்தளையிலிருந்து ஒரு வாசகர்

அக்கா, ஹப்புத்தளையில் எங்களுக்கு நாலு ரூம் உள்ள கெஸ்ட் ஹவுஸ் ஒன்று இருக்கிறது. முகநூல் பக்கம் இருக்கிறது, வட்ஸ்அப் இருக்கிறது, புக்கிங் டொட் கொம்மிலும் பதிந்திருக்கிறோம். ஆட்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். இப்போது ஒரு தம்பி வந்து, வெப்சைட் செய்தால் பிசினஸ் எங்கேயோ போய்விடும் என்று விடாமல் சொல்கிறார். எனக்கு அது வீண் செலவாகத்தான் படுகிறது. கையில் போன் வைத்திருக்கிறவன் முகநூலைத் தாண்டி எங்கே போகிறான்? நான் சொல்வது சரிதானே?

11 ஜனவரி, இரவு, என் பதில்

பாதி சரி. ரூம் நிரம்புகிறது என்றால் அவசரப்பட்டுக் காசைக் கொட்ட வேண்டியதில்லை. ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

புக்கிங் டொட் கொம் போன்ற தளங்கள் எடுக்கிற கமிஷன் பொதுவாக 15 சதவீதத்தை ஒட்டி இருக்கும். ரூம் இரவுக்கு 12,000 ரூபாய் என்று வையுங்கள், 1,800 ரூபாய் அவர்களுக்குப் போகிறது. ஒவ்வொரு ரூமும் மாதத்தில் பத்து இரவு அப்படி விற்றால் 72,000. வருஷத்துக்கு 864,000 ரூபாய். அதில் கால்வாசிப் பேர் நேரே உங்களிடம் வந்திருந்தால் 216,000 ரூபாய் வீட்டிலேயே நின்றிருக்கும்.

அதைவிடப் பெரிய விஷயம், வந்து தங்கியவர் யார் என்பதே உங்களுக்கு முழுதாகத் தெரியாது. அந்தத் தளம் காட்டுகிற ஈமெயில் விருந்தினருடைய சொந்த ஈமெயில் இல்லை, இடையில் அவர்கள் போட்டுக் கொடுக்கிற முகவரி. அடுத்த வருஷம் அதே குடும்பம் வர நினைத்தால் மறுபடியும் அங்கேயே போவார்கள், மறுபடியும் கமிஷன். உங்கள் வீட்டுப் பெயரைக் கூகுளில் தட்டினால் உங்கள் சொந்தப் பக்கம் வந்து நிற்க வேண்டும். ஏற்கெனவே உங்களைத் தேடுகிறவர் கைநழுவிப் போகாமல் பார்ப்பதுதான் இணையத்தளத்தின் முதல் வேலை. புது ஆள் வருவதெல்லாம் அப்புறம். "எங்கேயோ போய்விடும்" என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

12 ஜனவரி

முகநூல் பக்கம் நம்முடையதுதானே, அதை யார் பிடுங்கப் போகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பிடுங்கியிருக்கிறார்கள். 2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் திகன, தெல்தெனியவில் முஸ்லிம் மக்களுக்கு எதிரான வன்முறை நடந்தபோது முகநூல், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் எல்லாவற்றையும் அரசாங்கம் ஒரு வாரம் அளவுக்கு முடக்கியது. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு மறுபடியும். 2022 ஏப்ரல் 3ஆம் தேதி, ஊரடங்கு போட்டிருந்த நேரத்தில், இன்னொரு தடவை. இதெல்லாம் போக 2021 அக்டோபர் 4ஆம் தேதி முகநூல் நிறுவனமே உலகம் முழுக்க ஆறு மணி நேரம் அளவுக்கு விழுந்து கிடந்தது.

2018இல் நான் கண்டியில் ஒரு அச்சகத்தில் வடிவமைப்பு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களிடம் கேக் பெட்டி அச்சடிக்கிற அக்கா ஒருவர் உண்டு. அவருடைய ஆர்டர் எல்லாம் முகநூல் மெசேஜில்தான். பிறந்தநாள் கேக் யாருக்கு, எந்தத் தேதிக்கு, எத்தனை கிலோ, எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டது. பழைய ஆர்டரைக்கூட எடுத்துப் பார்க்க முடியவில்லை. அந்த வாரம் உயிர்ப்பயத்தோடு இருந்த மக்களுக்கு முன்னால் கேக் பெரிய விஷயம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த அக்காவுக்கு அந்த மாத வாடகை அதில்தான் இருந்தது. சொந்தமாக ஒரு பக்கமும், அதில் ஆர்டர் எழுதுகிற படிவமும் இருந்திருந்தால் ஆர்டர் எல்லாம் அவர் ஈமெயிலில் பத்திரமாகக் கிடந்திருக்கும். சாதாரண இணையத்தளங்கள் அந்த நாள்களில் வழக்கம்போல வேலை செய்தன.

14 ஜனவரி

பொங்கல் வேலைக்கு நடுவில் சுருக்கமாக.

"அப்போ புக்கிங் டொட் கொம்மை விட்டுவிடவா?" விடாதீர்கள். நான் கமிஷனைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு அதை வழிப்பறி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஜெர்மனியில் இருக்கிறவருக்கு ஹப்புத்தளை என்று ஒரு ஊர் இருப்பதையே காட்டிக் கொடுப்பது அந்த மாதிரித் தளங்கள்தான். அதற்கு ஒரு விலை உண்டு. நான் கவனித்தது என்னவென்றால், அங்கே வீட்டைப் பார்த்தவர்களில் நிறையப் பேர் உடனே பதிவதில்லை. வீட்டுப் பெயரைத் தனியாகக் கூகுளில் போட்டுப் பார்க்கிறார்கள். உண்மையான இடமா, வேறு போட்டோ இருக்கிறதா, நேரே பேசலாமா என்று தேடுகிறார்கள். அந்த நேரத்தில் அவர்களுக்குக் கிடைப்பது 2021இல் கடைசியாகப் பதிவு போட்ட முகநூல் பக்கம் என்றால், வீடு மூடிவிட்டார்கள் போல என்று திரும்பிவிடுவார்கள்.

நேரே வருகிறவருக்கு விலை குறைத்துக் கொடுக்க நினைத்தால், முதலில் புக்கிங் டொட் கொம்மோடு நீங்கள் செய்த ஒப்பந்தத்தை எடுத்து, அதற்கு இடம் இருக்கிறதா என்று வாசியுங்கள். விலை குறைக்காமலே காலைச் சாப்பாடு, ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ என்று ஏதாவது சேர்த்துக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

19 ஜனவரி

இணையத்தளம் வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு விட்டால் தப்பான இடத்தில் கொண்டுபோய் விட்டதாக ஆகும். மோசமாகச் செய்த தளம், தளமே இல்லாமல் இருப்பதைவிடக் கேடு. அதை நேரில் பார்த்ததால் சொல்கிறேன்.

சிவனொளிபாதமலை சீசன். ஹட்டன் ஸ்டேஷனில் பொழுது சாய்ந்த நேரம், மேடையில் இரண்டு வெளிநாட்டுப் பிள்ளைகள் போனை வைத்துக்கொண்டு நின்றார்கள். மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போக வேண்டும், அங்கே ஒரு வீட்டின் பெயரை யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வீட்டின் இணையத்தளத்தைத் திறக்கிறார்கள். வட்டம் சுற்றுகிறது. ஸ்டேஷனுக்குள் சிக்னல் அப்படித்தான். கடைசியில் ட்ரோனில் எடுத்த வீடியோ ஓட ஆரம்பித்தது, அதோடு புல்லாங்குழல் இசை. அந்தப் பெண் அவசரமாகச் சத்தத்தைக் குறைத்தாள். கறுப்புப் பின்னணியில் தங்க நிறத்தில் வளைந்து நெளிந்த எழுத்து, வாசிக்கவே முடியவில்லை. விலை இல்லை. "சிறந்த விலைக்குத் தொடர்புகொள்ளவும்" என்று இருந்தது. தொடர்புகொள்ள அடிவரைக்கும் இழுத்துக்கொண்டு போனால் போன் நம்பர் ஒரு படத்துக்குள் அச்சாகி இருந்தது. பையன் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான், ஒன்றும் நடக்கவில்லை. விரலால் பெரிதாக்கினான், எழுத்து மங்கிப் போனது. போனில் சார்ஜும் சிவப்புக்கு வந்துவிட்டது. அதற்குள் ஆட்டோக்காரத் தம்பி ஒருவர் வந்து "நல்லதண்ணி? ரூம்?" என்றார். போய்விட்டார்கள்.

நான் ஓடிப்போய் நம்பரைச் சொல்லி இருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னேன், அவர்கள் பையைத் தூக்கி ஆட்டோவில் வைத்தாகிவிட்டது. அந்த வீட்டுக்காரர் எனக்குத் தெரிந்தவர். அதிகாலை 2 மணிக்கு மலையேறக் கிளம்புகிறவர்களுக்குத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு எழுந்து பிளேன்டீ ஊற்றிக் கொடுக்கிற மனுஷன். படுக்கை விரிப்பு அவ்வளவு சுத்தமாக இருக்கும். அவருக்கு இதைச் செய்துகொடுத்தவர்கள் கொழும்பில் பெரிய திரையில் போட்டுக் காட்டியிருப்பார்கள், அங்கே அது பிரமாதமாகத்தான் தெரிந்திருக்கும். பார்க்கப் போகிறவர் ஹட்டன் ஸ்டேஷன் மேடையில், குளிரில், சார்ஜ் இறங்கிய போனோடு நிற்கிறார் என்பதை யாரும் நினைக்கவில்லை.

நல்ல வடிவமைப்பு என்று நான் சொல்வது அதைத்தான். நிற்கிறவருடைய நிலைமையை நினைத்துச் செய்வது. பக்கத்தின் முக்கியமான பகுதி இரண்டரை வினாடிக்குள் திரையில் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கிற அளவுகோல். மலைநாட்டுச் சிக்னலுக்கு அதை எட்ட வேண்டும் என்றால் படங்களைச் சுருக்கியே ஆக வேண்டும். போனில் எடுத்த போட்டோ ஒன்று நாலைந்து எம்பி இருக்கும், அதை 150, 200 கேபிக்குக் கொண்டுவந்தாலும் போன் திரையில் வித்தியாசம் தெரியாது. பெயர், இடம், விலை, அழுத்தினால் நேரே அழைப்புப் போகிற நம்பர், வட்ஸ்அப் பட்டன். இவ்வளவும் முதல் திரையிலேயே இருக்க வேண்டும்.

20 ஜனவரி

வீடியோவே கூடாதா என்று கேட்டவருக்கு: கூடும். கீழே வையுங்கள், அழுத்தினால் மட்டும் ஓடட்டும், இசை வேண்டாம்.

27 ஜனவரி

தளத்தில் என்னென்ன எழுத வேண்டும் என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கெல்லாம் ஒரே வேலைதான் கொடுப்பேன். உங்கள் வட்ஸ்அப்பைத் திறந்து, ஆட்கள் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். அதுதான் உங்கள் இணையத்தளம். அந்தக் கேள்விகளுக்கான பதில், அதிகம் கேட்கப்பட்டது முதலில்.

நம் பக்கத்தில் கேள்விகள் தனி மாதிரி. சுடுதண்ணி எந்த நேரமும் வருமா, காலையில் மட்டுமா? கம்பளி எத்தனை? வேன் வாசல்வரை வருமா, இல்லை பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி இறங்க வேண்டுமா? அம்மாவுக்கு முழங்கால் வலி, எத்தனை படி? மலைக்காட்சி பார்க்க லிப்டன் சீட்டுக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? மழைக் காலத்தில் காலில் ஏறுகிற அட்டை இருக்குமா?

கடைசிக் கேள்விக்கு "இருக்கும், உப்பும் நீள மேஜோடும் நாங்கள் தருகிறோம்" என்று நேராக எழுதிய வீட்டுக்குத்தான் ஆட்கள் நம்பிப் போவார்கள். லிப்டன் சீட்டுக்கு வெள்ளனவே போகச் சொல்லுங்கள், பத்து மணிக்கு மேல் மூட்டம் ஏறிவிட்டால் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாது. டம்பேதென்ன பேக்டரியிலிருந்து மேலே 7 கிலோமீட்டர் அளவு, நடக்க முடியாதவர்களுக்கு ஆட்டோ உண்டு, இவ்வளவு ஆகும். இதை எழுதி வைத்தால் தங்காதவர்கூட உங்கள் பக்கத்தை வாசித்துவிட்டுப் போவார், இன்னொருவருக்கு அனுப்புவார். கூகுள் புது ஆளைக் கூட்டி வருவதும் இந்த வழியாகத்தான். "ஹப்புத்தளை ஸ்டேஷனிலிருந்து லிப்டன் சீட் எப்படிப் போவது" என்று தேடுகிறவர் உங்கள் வீட்டுப் பெயரை அதுவரை கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

"இயற்கையின் மடியில் மறக்க முடியாத அனுபவம்" என்று மட்டும் எழுதாதீர்கள். எல்ல முதல் நுவரெலியா வரைக்கும் எல்லாக் கெஸ்ட் ஹவுஸும் அதைத்தான் எழுதி வைத்திருக்கிறது. அதை வாசித்து யாரும் எத்தனை படி என்று தெரிந்துகொள்ள முடியாது.

28 ஜனவரி, ஹப்புத்தளை வாசகர்

வீட்டில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம் அக்கா. பாதிப் பேர் கேட்டது ஸ்டேஷனிலிருந்து நடந்து வரலாமா என்றுதான். மனைவி ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப டைப் பண்ணியிருக்கிறாள். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டவர்களும் நிறைய, அதில் இந்தியாக்காரர்கள் அதிகம்.

28 ஜனவரி

அந்தச் சாப்பாட்டுக் கேள்வியைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். அது பெரிய விஷயம்.

10 பெப்ரவரி

நேற்று நாடு முழுக்கக் கரண்ட் போனது, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு புகுந்ததால் என்கிறார்கள். எங்கள் வீட்டு வாண்டு "குரங்குக்குக் கரண்ட் பில்லை எந்த விலாசத்துக்கு அனுப்புவார்கள்" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தது.

நான் தளம் செய்துகொடுத்த ஒரு தேயிலைக் கடை இருட்டாக இருந்தது, ரவுட்டர் செத்துப் போனது, போனும் அணைந்தது. தளம் வெளிநாட்டு சர்வரில் இருப்பதால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் வந்ததும் கடைக்காரர் பார்த்தபோது புது ஆர்டர்கள் காத்திருந்தன. அவருக்கு அதில் அவ்வளவு சந்தோஷம், எனக்கும்தான்.

16 பெப்ரவரி

சாப்பாட்டுக் கேள்வி. 2023, 2024 இரண்டு வருஷமும் இலங்கைக்கு அதிகம் பேர் வந்த நாடு இந்தியா. அவர்களில் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் எத்தனையோ. நுவரெலியாவுக்குப் பக்கத்தில் சீதாஎலிய சீதையம்மன் கோயிலுக்கு 2024 மே மாதம் கும்பாபிஷேகம் நடந்த பிறகு விசாரிக்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள். அவர்கள் கேட்பது ஒன்றுதான்: சைவச் சாப்பாடு கிடைக்குமா, தனிச் சட்டியில் சமைப்பீர்களா? நாம் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். வெள்ளிக்கிழமை சைவம் சமைக்கிறவர்கள். அதைத் தமிழில் ஒரு பக்கமாக எழுதி வைத்திருக்கிற மலைநாட்டுக் கெஸ்ட் ஹவுஸைத் தேடிப் பாருங்கள், என் கண்ணில் அநேகமாகப் படவே இல்லை. எல்லாம் ஆங்கிலத்தில். கோயம்புத்தூரில் ஒரு அம்மா தமிழில் தேடும்போது நாம் இல்லை.

தமிழ்ப் பக்கம் வைத்திருக்கிற ஒரு சிலரும் எழுத்துருவில் மாட்டிக்கொள்கிறார்கள். இங்கே அச்சகங்களில் பல வருஷமாகப் பாமினி எழுத்துருதான். நானும் அதில்தான் டைப் பண்ணப் பழகினேன், கல்யாணக் கார்ட் எல்லாம் அதில்தான் அடித்தோம். ஆனால் பாமினியில் அடித்த தமிழ் கணினிக்கு உள்ளே தமிழே இல்லை, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேஷம் போட்டது. எழுத்துரு இல்லாத போனில் அது புரியாத ஆங்கிலக் குவியலாகத் தெரியும், கூகுளுக்கும் அப்படித்தான். அதற்குப் பயந்து தமிழை முழுக்கப் படமாக்கிப் போட்டுவிடுகிறார்கள். படத்துக்குள் இருக்கிற எழுத்தைத் தேட முடியாது, கண் தெரியாதவர்களுக்குப் போன் வாசித்துக் காட்டவும் முடியாது. எல்லாப் போனும் தமிழாகவே புரிந்துகொள்கிற யூனிகோடில் மாற்றிக் கொடுக்கிற கருவிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு தடவை முழுக்க வாசித்துத் திருத்துங்கள்.

முகவரியையே தமிழில் வைத்துக்கொள்ளலாம் என்பது பலருக்குத் தெரியாது. டொட் எல்கே போல ".இலங்கை" என்று முடிகிற தமிழ் முகவரி 2010 முதல் இருக்கிறது. அதை மட்டும் நம்பியிருக்கச் சொல்லவில்லை, வெளிநாட்டுக்காரர் தட்ட முடியாது. இரண்டாவது முகவரியாக வைத்தால் எனக்குச் சந்தோஷம்.

சிங்களப் பக்கத்தையும் மறக்க வேண்டாம். ஏப்ரலிலும் நீண்ட விடுமுறைகளிலும் வீட்டை நிரப்புகிறவர்கள் கொழும்பு, கம்பஹா, குருணாகல் குடும்பங்கள். மூன்று மொழியையும் அந்தந்த மொழி தெரிந்த மனுஷரைக்கொண்டு எழுதுங்கள், மொழிக்கு ஒரு பக்கம் போதும்.

2 மார்ச்

பண்டாரவளையில் தேயிலை பக்கெட் பண்ணி விற்கிறவர் கேட்டிருக்கிறார்: வெளிநாட்டு ஆட்கள் வாங்குவதற்குத் தளத்தில் எதைப் போட வேண்டும்?

தேயிலையைத் தெரிந்து வாங்குகிறவர் "சிறந்த சிலோன் டீ" என்ற வரியைத் தாண்டிப் போய்விடுவார். அவர் தேடுவது வேறு. இலையின் அளவை வைத்துப் பிரிக்கிற ரகத்தில் பிஓபியா, பிஓபிஎஃப்பா, பெக்கோவா, ஓபியா? எந்த உயரம்? 1,200 மீட்டருக்கு மேலே விளைந்ததுதான் உயர்நிலத் தேயிலை என்று அவருக்குத் தெரியும். எந்த மாதத்துக் கொழுந்து? பண்டாரவளை இருக்கிற ஊவாப் பகுதிக்கு ஜூலை முதல் செப்டம்பர் வரை, அந்த வறண்ட காற்று அடிக்கிற காலத்துத் தேயிலைக்கு இருக்கிற வாசம் மற்ற மாதத்தில் வராது. திம்புலப் பகுதி என்றால் ஜனவரி முதல் மார்ச். பண்டாரவளையில் இருந்துகொண்டு ஊவா சீசனைப் பற்றி ஒரு வரி எழுதாமல் விட்டால் கையில் இருக்கிற நகையைப் பெட்டிக்குள் பூட்டி வைத்த மாதிரி. ஏற்றுமதி செய்வதென்றால் தேயிலைச் சபையில் பதிய வேண்டும், அந்தப் பதிவைத் தளத்தில் தெரிகிற மாதிரிப் போடுங்கள். சிலோன் டீ பக்கெட்டில் பார்க்கிற சிங்க இலச்சினையை நினைத்தபடி ஒட்ட முடியாது. அது தேயிலைச் சபைக்குச் சொந்தம், முழுக்க இலங்கைத் தேயிலையாக இருந்து இலங்கையிலேயே பொதி செய்ததற்குத்தான் அனுமதி.

அடுத்தது போட்டோ. இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு.

தேயிலை விற்கிற தளம் என்றால் கொழுந்து பறிக்கிற பெண்ணின் படம் இல்லாமல் இருக்காது. சரி. ஆனால் எத்தனை தளங்களில் ஒரே பெண், ஒரே சிரிப்பு. இணையத்தில் காசுக்கு விற்கிற படம். சிலதில் இருக்கிற மலை நம் மலையே இல்லை. எங்கள் அம்மா வாழ்நாள் முழுக்கக் கொழுந்து பறித்தவர். ஈரச் செடிக்கும் அட்டைக்கும் பயந்து இடுப்பில் படங்கு என்கிற தடித்த துணியைச் சுற்றிக் கட்டாமல் ஒரு நாளும் மலைக்குப் போனதில்லை. கூடைக் கயிறு தலையில் அழுத்தாமல் இருக்கத் துணியை மடித்து வைத்துக்கொள்வார். விரல் நுனி கறை பிடித்துக் கறுத்துப் போயிருக்கும், எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அந்தப் படங்களில் இருக்கிற பெண்களுக்குப் படங்கும் இல்லை, கறையும் இல்லை.

வாங்குகிறவர் இதைக் கண்டுபிடிக்க மாட்டார் என்று நினைக்காதீர்கள். படத்தைக் கூகுளில் போட்டால் அது வேறு எங்கெங்கே இருக்கிறது என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஒரு படம் பொய் என்று தெரிந்தால் உயரமும் மாதமும் பொய்யாக இருக்குமோ என்ற சந்தேகம் வந்துவிடும். உங்கள் கொழுந்து எந்த மலையிலிருந்து வருகிறதோ அங்கே போய், அங்கே வேலை செய்கிறவர்களிடம் கேட்டு, சம்மதம் என்றால் எடுங்கள். படத்தை எங்கே போடப் போகிறீர்கள் என்று அந்த அம்மாவுக்குக் காட்டுங்கள். கையில் ஏதாவது கொடுங்கள். பெயரைப் போட அவர் விரும்பினால் பெயரையும் போடுங்கள். 1823இல் தொடங்கி 200 வருஷத்துக்கு மேல் இந்த மலையில் உழைக்கிற மக்களின் முகத்தை விற்பனைக்கு வைக்கும்போது இவ்வளவு மரியாதையாவது வேண்டும்.

9 மார்ச்

மேலே நம்பிக்கையைப் பற்றி எழுதியதற்கு, "தரம் இருந்தால் போதும், தோற்றத்தைப் பார்த்தா ஆள் வாங்குகிறான்" என்று ஒருவர். தோற்றத்தையும் பார்த்துத்தான். 2002இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் 2,600க்கும் மேற்பட்டவர்களிடம் இணையத்தளங்களைக் காட்டி, எதை நம்புகிறீர்கள், ஏன் என்று கேட்டார்கள். வந்த கருத்துகளில் 46.1 சதவீதம் தளத்தின் தோற்றத்தைப் பற்றியவை. அடுக்கு, எழுத்து, நிறம், ஒழுங்கு. தேயிலையை மோந்து பார்க்க முடியாத தூரத்தில் இருக்கிறவருக்கு வேறு எதை வைத்து முடிவெடுப்பது? நம் பேக்டரிக்குள் ஆளைக் கூட்டிப்போகும்போது தரையைக் கூட்டி வைப்போம் இல்லையா, அந்த அக்கறை தளத்திலும் தெரிய வேண்டும்.

23 மார்ச்

கொஞ்ச நாளாக ஒன்று மனதில் ஓடுகிறது. இந்த இழையை வாசித்துவிட்டு ஹட்டன் டவுனில் சலூன் வைத்திருக்கிற தம்பி எனக்கும் வெப்சைட் வேண்டும் என்று வந்தார். வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். அவரிடம் முடி வெட்டுகிறவர்கள் எல்லாம் டவுனுக்கு வருகிறவர்கள், கடையைத் தெரிந்தவர்கள். அவருக்குத் தேவை கூகுள் மேப்பில் சரியான புள்ளி, சரியான நம்பர், எந்தக் கிழமை மூடுவது என்ற தகவல். அது இலவசம். பக்கத்திலேயே உட்காரவைத்துச் செய்து கொடுத்தேன்.

கொத்துக்கடை, மரக்கறிக்கடை, தையல்கடை பெரும்பாலும் அப்படியே. தூரத்திலிருந்து வருகிறவர், முன்பின் தெரியாதவர், வாங்குமுன் நிறைய யோசிக்கிறவர் இருக்கிற தொழிலுக்குத்தான் தனி இணையத்தளம் சம்பாதித்துக் கொடுக்கும். தங்குமிடம், வேன் வாடகை, மலையேற்ற வழிகாட்டி, தேயிலை, ஸ்ட்ரோபெரித் தோட்டம், வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் ஊரில் கல்யாணம் வைக்கத் தேடுகிற மண்டபம். கேக் செய்கிற அக்காவை இரண்டுக்கும் நடுவில் வைப்பேன்.

மேப்பில் புள்ளியைப் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். மலைநாட்டில் புள்ளி கொஞ்சம் தள்ளி விழுந்தாலும் ஆள் பக்கத்து மலைக்குப் போய்விடுவார். நேர்கோட்டில் 300 மீட்டர், ரோட்டில் சுற்றி வர ஒரு மணி நேரம். புள்ளியை நீங்களே நகர்த்தி வாசலில் வையுங்கள். தளத்தில் வழியை எழுத்திலும் எழுதுங்கள், எந்தக் கோயில் தாண்டி, எந்தப் பாலத்தில் திரும்ப வேண்டும் என்று.

7 ஏப்ரல்

நுவரெலியா சீசன் ஆரம்பித்தாகிவிட்டது. விலை ஏறும், ஏறட்டும். ஏறுகிற விலையைத் தளத்தில் போடுங்கள், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று. ஏப்ரலில் வாசலில் வைத்து விலையைக் கேட்டு முகம் மாறுகிற குடும்பத்தைவிட, முன்பே பார்த்துவிட்டு மே மாதம் வருகிற குடும்பம் உங்களுக்கு நல்லது. பழசை எடுத்துவிடவும் மறக்காதீர்கள், ஒரு ஹோட்டலின் தளத்தில் இன்றைக்கும் கொவிட் அறிவித்தல் தொங்குகிறது.

20 ஏப்ரல்

தங்க வருகிறவருடைய கடவுச்சீட்டுப் படத்தைத் தளத்துப் படிவத்தில் முன்கூட்டியே வாங்கி வைக்கலாமா என்று ஒருவர். வேண்டாம். வந்த பிறகு நேரில் பாருங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதற்கு மேலே, ஒருவருடைய கடவுச்சீட்டு உங்கள் ஈமெயிலில் கிடந்து களவு போனால் அந்தப் பழி உங்களுக்கு. பெயர், தேதி, எத்தனை பேர், தொடர்பு நம்பர், இவ்வளவு கேட்டால் போதும்.

4 மே, ஹப்புத்தளை வாசகர்

அக்கா, செய்துவிடலாம் என்று முடிவெடுத்துவிட்டோம். தம்பியும் நீங்கள் எழுதியதையெல்லாம் வாசித்திருக்கிறார். முன்பணம் கொடுப்பதற்கு முதல் அவரிடம் என்ன கேட்க வேண்டும்?

4 மே, இரவு

முதலில் கேட்க வேண்டியது நிறமும் இல்லை, விலையும் இல்லை. டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரி, அதை யாருடைய பெயரில் பதியப் போகிறீர்கள் என்று கேளுங்கள்.

நான் ஏன் இதை அழுத்திச் சொல்கிறேன் என்றால், தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்த எங்களுக்குச் சொந்த விலாசம் என்று ஒன்று இருந்ததில்லை. கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும், அங்கிருந்து எப்போது கைக்குக் கிடைக்கிறதோ அப்போது கிடைக்கும். எனக்கு வந்த நேர்முகத் தேர்வுக் கடிதம் ஒன்று தேதி கடந்த பிறகுதான் கையில் கிடைத்தது. நம் பிள்ளைகள் இன்று உழைத்து ஒரு தொழிலை நிறுத்தும்போது அதன் விலாசம் இன்னொருவருடைய மேசையில் கிடக்கக் கூடாது.

நடக்காத விஷயம் இல்லை. எனக்குத் தெரிந்த வேன்கார அண்ணன் ஒருவருக்குத் தளம் செய்து கொடுத்தவர், டொமைனைத் தன் சொந்தப் பெயரிலும் தன் ஈமெயிலிலும் பதிந்துவிட்டு வெளிநாட்டுக்குப் போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த அறிவித்தல் எல்லாம் அவருடைய ஈமெயிலுக்கே போனது. முகவரி காலாவதியானது, யாரோ வாங்கிவிட்டார்கள், இப்போது அதைத் திறந்தால் சூதாட்ட விளம்பரம். அண்ணனுடைய வேன் கதவில் அந்த முகவரி பெயின்டில் எழுதியிருக்கிறது. விசிட்டிங் கார்ட், ஹோட்டல்களில் கொடுத்து வைத்த நோட்டீஸ், எல்லாவற்றிலும் அதேதான். டொட் கொம் முகவரி ஒன்று வருஷத்துக்கு 10 முதல் 15 டாலருக்குள் முடிகிற செலவு. அந்தப் பெயரைத் திரும்ப வாங்க அவர் என்ன கொடுத்தாலும் இப்போது முடியவில்லை.

ஆகவே டொமைன் உங்கள் பெயரில், உங்கள் ஈமெயிலில், உங்கள் கார்டில். தம்பிக்கு வேலை செய்ய அனுமதி மட்டும் கொடுங்கள். நல்ல தம்பியாக இருந்தால் அவரே அப்படித்தான் சொல்வார்.

5 மே

விட்டுப்போன இரண்டு. விலையையும் படத்தையும் நீங்களே மாற்றுகிற மாதிரிச் செய்து தரச் சொல்லுங்கள், ஒவ்வொரு தடவையும் தம்பியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. உங்கள் மனைவி மாற்றிப் பார்க்கட்டும், அவர் செய்ய முடிந்தால் மிச்சப் பணத்தைக் கொடுங்கள். இன்னொன்று, தளத்தின் முழு நகல் ஒன்றை உங்கள் கணினியில் போட்டு வாங்கி வையுங்கள்.

டொமைன் புதுப்பிக்கிற தேதியைக் காலண்டரில் ஒரு மாதம் முன்னாடியே குறித்துக்கொள்ளுங்கள். ஹோஸ்டிங், அதாவது தளத்தை வைத்திருக்கிற சர்வர் இடம், அதைப் புதுப்பிக்கிற தேதி தனி, அதையும்.